கட்டுக்கரையில் கற்ற கணினிச் சொற்கள்

2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு காலைப்பொழுது கட்டுக்கரையிலிருந்து அண்ணையின் தொலைபேசி அழைப்பு வந்தது. அண்ணை என்றால் உடன்பிறந்தவர் அல்லர், பெரியம்மாவின் மகன். எண்பது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். வழமையாக என் உடல்நிலையை விசாரித்து, குளத்து நீர்மட்டத்தைச் சொல்லி, பேத்தியின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிய பின்னரே விடயத்துக்கு வருவார். அன்று அப்படியில்லை.

"தம்பி, இடாப்பு முழுக்க இங்கிலிசாப் போச்சுது. வைரஸ் எண்டு கடைக்காரப் பெடியன் சொல்லுறான். பென் டிரைவை ஃபோர்மட் பண்ணினால் சரிவருமாம். நாளைக்குக் கொண்டு வரச் சொன்னவன். குடுக்கட்டோ?"

"குடுக்காதேங்கோ" என்று நான் கத்திய கத்தலில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

அந்த இடாப்பு என்னவென்று சொன்னால்தான் என் பதற்றம் வாசகர்களுக்குப் புரியும். மன்னார் என்றதும் பலருக்குத் தீவும் பாலமும் கழுதைகளும் பெருக்கமரமும் நினைவுக்கு வரும். ஆனால் மன்னாருக்குச் சோறு போடுவது பெருநிலப்பரப்பில், முருங்கனை அடுத்துக் கிடக்கும் கட்டுக்கரைக் குளமே. ஆங்கிலேயர் அதனை இராட்சதர் குளம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்பது மரபு. நெடுங்காலம் தூர்ந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியரால் மீளத் திருத்தப்பட்டது. அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே நீரைக் கொணர்ந்து குளத்தை நிரப்புகிறார்கள். குளத்திலிருந்து வெளியேறும் நீர் நேரே வயலுக்குப் போவதில்லை. சுற்றிலும் உள்ள சிறுகுளங்களை நிரப்பி, அவற்றின் துருசுகள் வழியாகவே வயல்களைச் சென்றடைகிறது. காலபோகத்தில் பிரச்சினை குறைவு. சிறுபோகத்திலோ இருக்கும் நீருக்கு ஏற்ப ஒரு பகுதி நிலம் மட்டுமே விதைக்கப்படும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

அண்ணை கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்தவர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு, கொஞ்சம் மூச்சுவிட முடிந்த காலத்தில், தம் வாய்க்காலின் கீழ் வரும் வயல்கள் அனைத்துக்கும் ஓர் இடாப்புத் தயாரித்தார். வயலின் பெயர், கமக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஏக்கர், நான்கு பக்க எல்லை. ஜெனரேட்டரில் ஓடிய ஒரு பழைய கணினியில், இரண்டு ஆண்டுகளாக, ஒற்றை விரலால் தட்டியது. 2008இல் போர் அப்பகுதியை மூடியபோது சனம் வடக்கு நோக்கி நடந்தது. கணினி போயிற்று, அச்சிட்ட பிரதி போயிற்று. அனுமதிப்பத்திரங்களையும் உறுதிகளையும் பலர் வழியில் இழந்தனர். அண்ணை வேதப்புத்தகத்துக்குள் செருகி வைத்த ஓர் இறுவட்டு மட்டும் அவருடன் எல்லா இடமும் போய் 2010இல் ஊர் திரும்பியது. அதிலிருந்த கோப்பைப் பின்னர் ஒரு கணினியில் ஏற்றினார்கள். வரம்புச் சண்டை வரும்போதெல்லாம் அந்த இடாப்பைத்தான் திறப்பார்கள். சட்டப்படி அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆயினும் ஊரில் அதை மறுத்துப் பேசியவர் எவருமில்லை.

அந்தக் கணினி முந்திய ஆண்டு செத்துப்போனது. இறுவட்டோ கீறல் விழுந்து எதிலும் திறக்கவில்லை. மிஞ்சியிருந்தது ஒரு பென் டிரைவ். இந்தச் சிறுபோகத்துக்கு முன்பாக, போரில் கணவனை இழந்த ஒரு பெண் தன் வயலின் எல்லையைக் காட்டும்படி கேட்டு வந்திருக்கிறார். அனுமதிப்பத்திரமும் இல்லை, கணவனும் இல்லை. பேத்தியின் புதிய மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகித் திறந்தால், எல்லாம் ஆங்கிலம்.

"அண்ணை, முதல் வரியிலை என்ன எழுத்து நிக்குது? ஒவ்வொண்டா வாசியுங்கோ."

"ரீ... ஏ... வை... பிறகு ஒரு அரைப்புள்ளி." (எங்கள் வழக்கில் ரீ; தமிழ்நாட்டு அன்பர்கள் டீ என்று கொள்க.)

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "அண்ணை, அது வயல்!"

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

இதில் மந்திரம் எதுவுமில்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஈய அச்செழுத்துக்கோப்பின் கடைசிக் காலத்தையும் கணினியின் முதற் காலத்தையும் கண்டவன் நான். ஆண்டுக்கணக்காகப் பாமினி என்ற எழுத்துருவில் தட்டித் தட்டி, எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது விரலில் ஏறிவிட்டது. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வரிசை அது: ய, ள, ன, க, ப என்று இடக்கை தொடங்கும். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை நம்மவர் மறந்துவிடக்கூடாது. ரீ விசையில் வ, ஏ விசையில் ய, வை விசையில் ல, அரைப்புள்ளியில் மெய்யெழுத்தின் குற்று. கூட்டினால் வயல். அம்மா என்று தட்டியிருந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்திருக்கும்.

அண்ணைக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாட்டைக் குறியாக்கம் என்கிறோம். அந்த எண்ணைத் திரையில் எந்த உருவமாக வரைவது என்பதைச் சொல்வது எழுத்துரு. ஆங்கிலக் குறியாக்கத்தில் சின்ன ரீயின் எண் 116. பாமினியை உருவாக்கியவர்கள் அந்த எண்ணை மாற்றவில்லை. 116 வந்தால் ரீ வரையாதே, வ வரை என்று எழுத்துருவுக்குள் படத்தை மட்டும் மாற்றிவைத்தார்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த கணினிகளில் தமிழை ஓடவைக்க அக்காலத்தில் அது ஒரு கெட்டிக்கார வழிதான். ஆனால் பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், 116க்கு உரிய ஆங்கில எழுத்தே தோன்றும். அண்ணையின் கோப்பில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. இலக்கங்கள் மட்டும் அப்படியே தெரிந்தன, ஏனெனில் இலக்கங்களின் படத்தை யாரும் மாற்றவில்லை. ஏக்கர்க் கணக்கு சரியாக நிற்க, பெயர்களெல்லாம் ஆங்கிலச் சேற்றில் புதைந்து கிடந்தன.

அண்ணை கேட்டார்: "அப்ப அனுராதபுரத்துக் கல்வெட்டு மாதிரியோ?"

நல்ல கேள்வி. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தறியும் வரை, குகைகளில் இருந்த அந்த எழுத்துகள் எவர் கண்ணுக்கும் கோடுகளாகத்தான் தெரிந்தன. கல் என்னவோ ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசாமல் அங்கேயே இருந்தது.

இனி ஃபோர்மட் என்ற சொல்லுக்கு வருவோம். அண்ணை அந்தப் பெடியனிடம், "அதுக்குத் தமிழிலை என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவன் "வடிவமைக்கிறது" என்று சொல்லியிருக்கிறான். குற்றம் அவனுடையது மட்டுமன்று. நம் கலைச்சொல் பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆவணத்தில் எழுத்தைப் பெரிதாக்குவதும் பத்தியை ஒழுங்குபடுத்துவதும் வடிவமைத்தல். சேமிப்பகம் முழுவதையும் துடைத்து வெறுமையாக்குவதும் வடிவமைத்தல். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நாம் சொல்லோடு சேர்த்து அதன் குழப்பத்தையும் இறக்குமதி செய்துவிட்டோம். வடிவமைத்துத் தருகிறேன் என்றால் எந்தக் கிழவன்தான் வேண்டாம் என்பான்?

"உள்ளதெல்லாம் போய்விடும் அண்ணை, திரும்ப விதைக்க வெறும் நிலமாகத் தருவாங்கள்" என்றேன்.

"அடே, உழுது புரட்டுறதோ! அப்பிடிச் சொன்னால் என்ன அவனுக்கு?"

எத்தனையோ அறிஞர்கள் கூடிய கலைச்சொற் குழுக்களில் நானும் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறேன். உழுதல் என்ற சொல் எவர் வாயிலும் வந்ததாக நினைவில்லை.

அடுத்த கட்டம் பேத்தியிடம் போயிற்று. உயர்தரம் படிப்பவள்; பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். நான் "உலாவியைத் திற" என்றேன். அவள் விழித்தாள். "மேலோடியோ தாத்தா?" என்றாள். இயங்குதளம் என்றேன், அவளுக்கு அது பணிசெயல் முறைமை. விசைப்பலகை என்றேன், அவள் புத்தகத்தில் சாவிப்பலகை. ஒரே தீவில், ஒரே குடும்பத்தில், தமிழிலேயே பேசிய இருவருக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார்; அந்தப் பணியை ஆங்கிலம் செய்தது. நான் இணையத்திலும் இந்தியச் சஞ்சிகைகளிலும் கற்ற சொற்கள் ஒரு வகை. இலங்கைப் பாடநூல்களின் சொற்கள் இன்னொரு வகை. கணினி என்று நான் எழுதுவதை ஈழத்தில் பலர் கணனி என்றே இன்றும் எழுதுகிறார்கள். எது சரி என்ற சண்டையில் மை நிறையச் செலவாகியிருக்கிறது. நான் கட்சி சேரப் போவதில்லை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்த இணையம் என்ற சொல்லைப் பாருங்கள். அது வந்த பிறகு வேறு சொல்லை எவரும் தேடவில்லை. நல்ல சொல்லுக்குச் சண்டை தேவைப்படுவதில்லை போலும்.

நல்லகாலமாக, பேத்தி கெட்டிக்காரி. பாமினி எழுத்துருக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதை மடிக்கணினியில் நிறுவும்படி சொன்னேன். நிறுவுதல் என்றால் பெரிய காரியமன்று. அந்த எழுத்துரு வீட்டில் இருக்கிறது என்று இயங்குதளத்துக்கு அறிமுகப்படுத்தி வைப்பது. கோப்பை மூடித் திறந்தாள். பின்னணியில் அண்ணையின் குரல் கேட்டது. அவர் எதுவும் விளக்கவில்லை. முதற் பக்கத்திலிருந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்று இல்லை. நான் தொலைபேசியை வைக்கவில்லை.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ பெயர் அந்தப் பெண்ணின் கணவனுடையது. இரண்டு ஏக்கர். கிழக்கே வாய்க்கால், தெற்கே பாலை மரம் நின்ற வரம்பு. பாலை மரம் இப்போது இல்லை. அடிக்கட்டை இருக்கிறது என்றார் அண்ணை.

அத்துடன் விட்டிருந்தால் அடுத்த மடிக்கணினியில் மறுபடி இதே கதைதான். ஆகவே கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற முடிவு செய்தோம். ஒருங்குறியில் உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண். தமிழுக்கு 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. அதில் வ எழுத்தின் எண் 2997. ஆங்கில ரீ தன் 116உடன் தன் வீட்டில் இருக்கும். வ தன் வீட்டில் இருக்கும். ஒருவர் சட்டையை மற்றவர் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி வந்தது. இருந்தும் நாம் பாமினியை விட்டு நகர இன்னும் பல ஆண்டுகள் எடுத்தோம். பழகிய மாட்டை விற்க மனம் வராது. அந்நாள்களில் இணையத்தில் உலவிய அன்பர்களுக்குச் சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி நினைவிருக்கும். ஒரு பக்கம் பாமினியை ஒட்டினால் மறுபக்கம் ஒருங்குறி வரும். அத்தகைய ஒரு மாற்றியைத்தான் பேத்தி பயன்படுத்தினாள்.

மாற்றியதும் புதிய வில்லங்கம். நம் நாட்டுப் பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் இறுதியில் ஆங்கில வீ எழுத்தும் கொண்டது. அண்ணை அந்த வீயை மட்டும் ஒவ்வொரு முறையும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறித் தட்டியிருந்தார். மாற்றிக்கு அது தெரியுமா? பாமினியில் பெரிய வீ விசை ஏ எழுத்து. ஆகவே ஊரிலுள்ள அத்தனை பேரின் அடையாள அட்டையும் ஏகாரத்தில் முடிந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் தொலைபேசியில் அவர் வாசிக்க, நான் பார்க்க, பேத்தி திருத்த என்று போயிற்று. எந்த மாற்றியையும் முழுதாக நம்பி மூலக் கோப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்பதை இவ்விடத்தில் அனுபவஸ்தனாகச் சொல்லிவைக்கிறேன்.

அந்த மூன்று மாலைகளில்தான் மற்றச் சொற்களும் வந்தன. நினைவகம், சேமிப்பகம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். 1990களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட கட்டுரையை நான்கு மணி நேரம் தட்டி, இடையில் சேமிக்காமல், மின்சாரம் நின்றதும் முழுவதையும் இழந்த கதையைச் சொன்னேன். திரையில் தெரிந்ததெல்லாம் நினைவகத்தில் இருந்தது. மின்சாரம் நின்றால் அது வெறுமையாகிவிடும். சேமித்தால் மட்டுமே வன்தட்டுக்குப் போகும். அண்ணை உடனே, "வயலுக்கை கட்டி நிக்கிற தண்ணியும் குளத்துத் தண்ணியும்" என்றார். வெயில் எறித்தால் வயல் காய்ந்துவிடும். குளத்தில் இருப்பது இருக்கும். இணைய வேகத்தை வாய்க்காலின் அகலம் என்று நான் சொல்லத் தேவை இருக்கவில்லை, அவரே சொல்லிவிட்டார். வாய்க்கால் கடைசியில் உள்ள வயற்காரனுக்கு எப்போதும் தண்ணீர் போதாது, பேத்தி வகுப்பு நடக்கும் மாலை நேரத்தில் இணையமும் அப்படித்தான் என்று சேர்த்துக்கொண்டார்.

அழித்தல் என்ற சொல்லில் மட்டும் அவரை நம்பவைக்கச் சிரமப்பட்டேன். கோப்பை அழி என்றால் கணினி பெரும்பாலும் உள்ளடக்கத்தை உடனே துடைப்பதில்லை. இந்த இடம் காலி என்று தன் இடாப்பில் குறித்துக்கொள்கிறது. வேறு கோப்பு வந்து அதன்மேல் எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அதனாற்றான் தவறுதலாக அழித்தவர்கள் அந்தத் தட்டில் மேலும் எதையும் எழுதாமல், தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறோம். புதிய மடிக்கணினிகளின் திண்மநிலைச் சேமிப்பகங்களில் காலியான இடத்தைக் கணினியே பின்னணியில் துடைத்துவிடுவதால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. "வட்டவிதானை இடாப்பிலை பேரை வெட்டினாலும் வயல் அங்கைதான் கிடக்கும், மற்றவன் விதைக்குமட்டும்" என்றார் அண்ணை. பிறகு சற்று மௌனம். இடம்பெயர்ந்து திரும்பிய ஒருவர் வாயில் இந்த உவமை வரும்போது அது கணினியைப் பற்றியது மட்டுமல்ல என்பதை நானும் அறிவேன்.

முகில் பற்றியும் பேசினோம். இந்தியாவில் மேகக் கணிமை, இங்கே முகில். "எந்த முகில், எங்கை நிக்குது?" என்றார். வானத்தில் ஒன்றுமில்லை, எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் உள்ள கணினி என்றேன். ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும், அதை எனக்கும் சொல்லக்கூடாது, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவன் கேட்டாலும் சொல்லக்கூடாது என்றேன். முகில் அவருக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்யாமல் போகிற முகில் எத்தனை பார்த்தவர். பேத்தி மட்டும் ஒரு பிரதியை அங்கே ஏற்றிவைத்தாள்.

அவர் திகைத்துப்போனது வேறொரு சொல்லில். காப்பு நகல். ஒரு பிரதி என்னிடம், ஒன்று கனடாவில் மகளிடம், ஒன்று அச்சிட்டுக் கமக்காரர் அமைப்பின் அலுமாரியில் என்று நான் சொல்லிக்கொண்டு போக, இடைமறித்தார்.

"அப்ப எங்கடை பென் டிரைவிலை எவ்வளவு மிச்சமிருக்கும்?"

நான் முதலில் கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் கண்ட கணக்கு அது. துருசைத் திறந்தால் குளம் இறங்கும். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவனுக்குக் குறையும். அத்தனை கூட்டங்களும் சண்டைகளும் அதற்காகத்தானே. எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் மூலம் குறையாது என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

"ஒரு சொட்டும் குறையாதோ?"

"குறையாது அண்ணை."

அந்தப் பெண் தன் எல்லையைக் காட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்து வயற்காரர் இருவரும் வந்து, பாலை அடிக்கட்டையில் நின்று கயிறு பிடித்தார்களாம். கச்சேரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அண்ணை எழுதிக் கொடுத்தார். அது இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

சென்ற மாதம் மறுபடி அழைத்தார். பக்கத்து வாய்க்காற்காரருக்கும் இப்படி ஓர் இடாப்புத் தயாரிக்கப் போகிறாராம். ஒருங்குறியில் தட்டுவதற்கு ஏதும் மென்பொருள் உண்டா என்று கேட்டார். முன்னாளில் எ-கலப்பை என்று ஒன்று இருந்தது, நாங்களெல்லாம் அதனால்தான் ஒருங்குறியில் உழுதோம் என்றேன்.

"கலப்பையோ?" என்றார். "பேர் நல்லாயிருக்கு. அதையே போட்டுத் தா."

இன்றைய கணினிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது, தனியாகப் போடத் தேவையில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.